தபசுக்குக் கொடுத்த சாவி

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்தாம் வகுப்பில் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். பேச்சி என்கிற குறும்புக்காரப் பெண் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரராக வருவாள். இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு, நாளைக்குள் வீட்டைக் காலி பண்ணாவிட்டால் சட்டி பானையெல்லாம் தெருவில் கிடக்கும் என்பாள். எதிரே நிற்பவள் வாடகைக்குக் குடியிருப்பவள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருத்தி தீர்ப்புச் சொல்லும் கோர்ட்டு முன்சீப்பாக உட்கார்ந்திருப்பாள். குடியிருப்பவள் பயப்படாமல் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் பாடம். சொல்லத் தெரியாமல் அவள் அழுவதுபோல நடித்தால் சுந்தரம்மாள் டீச்சருக்குக் கோபம் வந்துவிடும்.

"அழுதா முன்சீப்பு எழுதிக்கிட மாட்டாருட்டி. வாயைத் திறந்து சொல்லு" என்பார்.

1981-ஆம் வருஷம் அது. பாடவேளை அட்டவணையில் அந்தப் பீரியடுக்குக் குடிமைப் பயிற்சி என்று பெயர். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது. மற்ற ஆசிரியைகள் அந்த நேரத்தில் நோட்டுத் திருத்துவார்கள், அல்லது கணக்கு டீச்சருக்குத் தாரை வார்ப்பார்கள். மதிப்பெண் இல்லாத பாடத்தை மூச்சுவாங்க நடத்துகிற ஒருவரைப் பற்றி ஆசிரியர் அறையில் என்ன நினைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியை ஒருமுறை கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு ஓட்டுப்போடும் வயசே வரவில்லை, அதற்குள் வழக்காடக் கற்றுக்கொடுக்கிறீர்களே என்று சிரித்தார். ஓட்டுப்போடும் வயது வருவதற்கு முன்பே வீட்டைவிட்டு வெளியே தள்ளப்படும் வயது வந்துவிடுகிறது என்று சுந்தரம்மாள் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் அதை அனுபவித்துச் சொன்னார். அவருடைய அப்பா சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவர். சுந்தரம்மாள் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வீட்டுச் சாமான் முழுவதும் தெருவில் இருந்தது. உலைப்பானையும் இருந்தது. அரிசி பாதி வெந்திருந்தது. அடுப்பிலிருந்து இறக்கித் தெருவில் வைத்தவர்கள், தூசி விழக்கூடாது என்று அதற்கு ஒரு மூடியும் போட்டிருந்தார்கள். அப்பா அந்த மூடியைக் காட்டி, நல்ல மனுஷர்கள் என்றார். அவங்க வீடு, அவங்க சொல்லுதாங்க, நாம என்ன செய்ய முடியும் என்றார். இருபத்தெட்டு வருஷமாகியும் சுந்தரம்மாளுக்கு வெளியேற்றியவர்கள்மேல் இருந்த கோபத்தைவிட அந்த வாக்கியத்தின்மேல் இருந்த கோபம் பெரிது. அப்போதே அதற்கெல்லாம் சட்டம் இருந்தது என்பதைப் பின்னால் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டபோது அந்தக் கோபம் இரண்டு மடங்காயிற்று. சட்டம் இருந்திருக்கிறது. சைக்கிள் கடைக்கு அது வந்து சேரவில்லை.

ஆகவே அவர் சேர்ப்பித்தார். வீட்டுக்காரர் வாயால் போ என்றால் போக வேண்டியதில்லை. காரணத்தை எழுதி மனுப் போட வேண்டும். முன்சீப்புதான் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, உங்கள் பதிலைக் கேட்டு, அதற்குப் பிறகுதான் உத்தரவு போடுவார். அதுவரை தண்ணீரை அடைக்கக்கூடாது, கரண்டைப் பிடுங்கக்கூடாது. வாடகைக்கு ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள், திரும்பி வந்த தாளைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகள் இதையெல்லாம் செய்யுள் மாதிரி ஒப்பித்தார்கள். பாதிப் பிள்ளைகளின் வீடுகளில் விசைத்தறி வேலை, வாடகைக் குடித்தனம். அவர்களுக்கு இது பாடமில்லை, வீட்டுச் சமாசாரம்.

டீச்சரே வாடகைக் குடித்தனம்தான். ரத வீதிக்குப் பின்னால் ஆவுடையப்பன் என்பவருக்கு ஒரு வளவு இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள், ஒரு கிணறு. முதல் வீட்டில் டீச்சர். ஆறாவது வீட்டில் தறி ஓட்டுகிற பொன்னுச்சாமி. அவர் மகள் செண்பகவல்லி டீச்சரின் வகுப்பில்தான் படித்தாள். நாடகத்தில் அவள் எந்த வேஷமும் போட்டதில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை அவள்தான் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், நம்ம வளவுல தபசுக்குச் சாவி குடுக்கோமே, அது எதுல சேரும்?"

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு வந்துவிட்டால் ஊர் கொள்ளாது. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவமிருந்ததைக் கொண்டாடப் பன்னிரண்டு நாள் திருவிழா. கோயிலைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு அப்போது தனி மவுசு. ஆவுடையப்பன் அதில் ஒரு நாள் செலவை ஏற்கிற மண்டகப்படிக்காரர். அவருடைய உறவுக்காரர்கள் ஊர் ஊராக வண்டி கட்டி வந்து இறங்குவார்கள். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கணக்கப்பிள்ளை காசிராஜன் ஓர் இரும்பு வளையத்தோடு வளவுக்குள் வருவார். குடியிருப்பவர்கள் முக்கியமான சாமானை ஒரு மூலையில் ஒதுக்கி, துணி மூட்டையோடு சொந்தக்காரர் ஊர்களுக்குக் கிளம்பிப் போவார்கள். எட்டுச் சாவியும் வளையத்தில் கோர்க்கப்படும். விழா முடிந்ததும் அவரே வந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பார். ஆவுடையப்பனின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். யாரும் முனகியதுகூட இல்லை. சாமி காரியம்.

செண்பகவல்லி கேட்டது சட்டக் கேள்வி. டீச்சர் சொன்னது சட்டப் பதில் இல்லை. தபசு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்குத் தலைக்கேறிவிட்டது. சாமி ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்க்க வருகிறவர்களுக்காக, வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர்கள் இரண்டு காலையும் எடுத்து வெளியே வைக்க வேண்டுமா என்று கேட்டார். கல்லுக்குப் பட்டுச் சுற்றுகிற ஊரில் தறிக்காரன் பிள்ளைக்கு மாற்றுப் பாவாடை இல்லை என்றார். மணி அடிக்கும்வரை அதே பேச்சு. நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். செண்பகவல்லி மட்டும் பேனாவை மூடி திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை.

அந்த மாதம் பொன்னுச்சாமி வாடகை கொடுக்கப் போனபோது, மகள் சொல்லிக்கொடுத்தபடி ரசீது கேட்டார். ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். யாரு சொன்னா என்று கேட்டார். டீச்சர் பாடத்தில் வந்ததாம் என்றார் பொன்னுச்சாமி, வெள்ளந்தியாக. ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே ரசீது எழுதிக் கொடுத்தார். நாலு நாள் கழித்து, ஆறாவது வீட்டில் மருமகனுக்கு இரண்டு தறி போட வேண்டியிருக்கிறது, காலி பண்ணிக்கொள் என்று சொல்லியனுப்பினார். பொன்னுச்சாமி கைகட்டிக்கொண்டு போய் நின்று, பிசகாமல் சொன்னார்:

"மனுப் போடுங்க அண்ணாச்சி. முன்சீப்பு சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்."

இந்தச் செய்தி வகுப்புக்கு வந்தபோது பெண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். சுந்தரம்மாள் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தன்னையறியாமல் வேகமாக நடந்தார். பதினாலு வருஷ வேலையில் ஒரு பாடம் பரீட்சைத் தாளுக்கு வெளியே நடந்து போனதை அன்றுதான் பார்த்தார்.

ஆவுடையப்பன் மனுப் போடவில்லை. மனுப் போட்டால் காரணம் சொல்ல வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவர் சும்மா இருந்தார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காசிராஜன் வளையத்தோடு வந்தார். முதல் வீடு டீச்சருடையது. கும்பிடாதவர், சாமி படம் ஒன்றுகூட மாட்டாதவர், ஒவ்வொரு வருஷமும்போல இந்த வருஷமும் புத்தகப் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். பனவடலிசத்திரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவது அவருக்கும் வசதியாகவே இருந்தது. பன்னிரண்டு நாள் ஒலிபெருக்கியிலிருந்து தப்பிக்கலாம். ஒருவேளை அந்த அரை நிமிஷம் வேறு மாதிரி நடந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும். அன்று அது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததுதான் வழக்கம் என்பது.

தபசு முடிந்து பொன்னுச்சாமி குடும்பம் கரிவலம்வந்தநல்லூர் மச்சினர் வீட்டிலிருந்து திரும்பியபோது ஏழு வீட்டுச் சாவி வந்து சேர்ந்திருந்தது. ஆறாவது வீட்டுக் கதவில் புதுப் பூட்டு. உள்ளே ஒரு தறியை இறக்கி வைத்திருந்தார்கள். பொன்னுச்சாமியின் சாமான்கள் கிணற்றடியில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மழை வந்தால் நனையாதபடி மேலே ஒரு சாக்கு விரித்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சுந்தரம்மாள் அந்தச் சாக்கைப் பார்த்தார். உலைப்பானையின் மூடியைப் பார்த்த மாதிரி இருந்தது.

பையைக்கூட உள்ளே வைக்காமல் பொன்னுச்சாமியை அழைத்துக்கொண்டு ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார். அவர் எழுந்து நின்று வரவேற்றார். டீச்சருக்கு நாற்காலி போடச் சொன்னார். பொன்னுச்சாமியை நிற்க விட்டார்.

"டீச்சரம்மா, உங்க வீட்டுச் சாவி வந்துட்டுல்லா? உங்களுக்கு என்ன குறை?"

அவரை எப்படி வெளியேற்றினீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"நான் எங்க வெளியேத்தினேன்? ஆளு அனுப்பினேனா, சாமானைத் தெருவுல வீசினேனா? ஏலே பொன்னுச்சாமி, நீயே சொல்லு. சாவியை நான் பிடுங்கினேனா, நீயா குடுத்தியா?"

பொன்னுச்சாமி தரையைப் பார்த்தார். நானாத்தான் குடுத்தேன் என்றார். சட்டப்படி உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள்போலும்.

வெளியே வந்ததும் டீச்சர் வெடித்தார். ரசீது கேட்கத் தெரிந்தது, மனுப் போடச் சொல்லத் தெரிந்தது, காலி பண்ணச் சொன்ன ஆளிடமே சாவியை எடுத்துக் கொடுக்கலாமா, ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். பொன்னுச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"யோசிச்சேன் டீச்சர். இந்த மட்டம் குடுக்க வேண்டாமோன்னு எம் பொண்டாட்டிகூடச் சொன்னா. வெளிய வந்து பாத்தேன். நீங்க குடுத்துக்கிட்டு இருந்தீங்க. டீச்சரே குடுக்காங்க, அப்ப இதுல ஒண்ணும் இல்லைன்னு நானும் குடுத்துட்டேன்."



மறுநாள் சுந்தரம்மாள் கோர்ட்டு வாசலில் வக்கீல் குமாஸ்தா சங்கரசுப்புவைப் பிடித்தார். சட்டப் புத்தகத்தை முதன்முதலில் அவருக்கு இரவல் கொடுத்த மனுஷன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, நீங்கள் படித்த சட்டமெல்லாம் உள்ளே இருக்கிறவனை வெளியேற்றாமல் காப்பதற்கு, இவர் தானாக வெளியே வந்துவிட்டாரே என்றார். வேறு வழி இருக்கிறது. சம்மதமில்லாமல் வீட்டின் அனுபவ உரிமையைப் பறித்தார்கள் என்று ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். ஆனால் சாவி கொடுத்தது காலி பண்ணுவதற்காக இல்லை, தபசுக்காகத்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

"ஒரு துண்டுச் சீட்டு போதும் டீச்சர். தபசுக்காகச் சாவி வாங்கியிருக்கேன், முடிஞ்சதும் தாரேன்னு ரெண்டு வரி. அது இல்லைன்னா சாட்சி வேணும். ஊருக்கே தெரிஞ்ச வழக்கம்தான். ஊரே வந்து கூண்டுல நிக்குமா?"

டீச்சர் வளவில் வீடு வீடாக ஏறினார். மூன்றாவது வீட்டுக்காரர், தன் சாவிதான் வந்துவிட்டதே என்றார். ஐந்தாவது வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஏழாவது வீட்டில் தங்கத்தாய், தறிக்கு நூல் சுற்றுகிறவள், தனியாக இருப்பவள். அவள் மட்டும் உட்காரச் சொன்னாள். தபசுக்குத்தான் கொடுத்தோம், அது அந்த அம்மனுக்கே தெரியும் என்றாள். அதை முன்சீப்பிடம் வந்து சொல் என்றதும் முகம் மாறிவிட்டது. "நான் கோர்ட்டுப் படியெல்லாம் ஏற மாட்டேன் டீச்சர். என்னைய விட்ருங்க" என்றாள். சாமிக்குத் தெரிந்தது முன்சீப்புக்குத் தெரிய வேண்டாம் என்று மற்ற ஆறு வீடும் முடிவு செய்துவிட்டிருந்தன. இவர்களுக்குப் பயம் ஆவுடையப்பன்மேலா, அம்மன்மேலா என்று அவரால் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு பயமும் ஒரே வளையத்தில் கோர்த்திருந்தன.

கடைசியில் சாட்சி ஒருவர்தான். சுந்தரம்மாள், முதல் வீடு.

வழக்குப் போட்டார்கள். புரட்டாசியில் ஒரு வாய்தா, கார்த்திகையில் ஒரு வாய்தா. எதிர்க்கட்சி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று தை மாதத்தில் ஒன்று. பொன்னுச்சாமி கரிவலம்வந்தநல்லூரில் மச்சினர் வீட்டுத் தாழ்வாரத்தில் குடும்பத்தை வைத்துவிட்டு, தினமும் பஸ்ஸில் தறிக்கு வந்துபோனார். செண்பகவல்லி கொஞ்ச நாள் அவரோடு பஸ்ஸில் வந்தாள். மூன்றாவது பெஞ்சில் வாரம் இரண்டு நாள் இடம் காலியாக இருக்கும், பிறகு நாலு நாள். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய தேதியில் அவள் வரவில்லை. டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாழ்வாரத்துக்கே போனார். அவள் நூல் கண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழக்கு முடிந்து வீடு வந்ததும் வருகிறேன் டீச்சர் என்றாள். வீட்டையும் படிப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தாள் அந்தப் பெண்.

பங்குனியில் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சுந்தரம்மாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை பத்து மணிக்கே கோர்ட்டுக்குப் போய்விட்டார். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் தயாரித்திருந்தார். எதிர்க்கட்சி வக்கீல், நீங்களும் சாவி கொடுத்தீர்களா என்று கேட்பார். ஆமாம், கொடுத்தேன், பதினோரு வருஷமாகக் கொடுத்தேன், என்னைப் போல மடச்சி யாருமில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். முன்சீப்பு முன்னால் அதைச் சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். பொன்னுச்சாமியின் வக்கீல் எழுந்து, வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் பொன்னுச்சாமி தூணுக்குப் பக்கத்தில் நின்றார். ஓடிப்போகவில்லை, அது ஒன்றுதான் மரியாதை.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி மருமவன் தறியிலயே வேலை தாரேன்னுட்டாங்க டீச்சர். இப்ப இருக்கிற மொதலாளி, கேஸ் நடத்துதவனை வச்சுக்கிட முடியாதுன்னு சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

எந்தத் தறி என்று டீச்சர் கேட்டார். கேட்டபோதே தெரிந்துவிட்டது. ஆறாவது வீட்டில் ஓடுகிற தறி. தான் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே கூலிக்கு நிற்கப் போகிறார்.

"செண்பகவல்லி?"

"அவளும் வருவா. நூல் சுத்த."

அப்பாவை நினைவுபடுத்தும் ஒரு வார்த்தையாவது சொல்லிவிடுவாரோ என்று டீச்சர் பயந்தார். அவங்க வீடு, அவங்க சொல்லுதாங்க. பொன்னுச்சாமி அதைச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சங்கரசுப்பு வந்து, மோர் குடிக்கிறீர்களா டீச்சர் என்று கேட்டார். வேண்டாம் என்றார்.

ஜூனில் புதிய பத்தாம் வகுப்பு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை சுந்தரம்மாள் நாடகம் எதுவும் போடவில்லை. கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். தபசுக்குச் சாவி கொடுக்காதே. கொடுத்தால் சீட்டு வாங்கு. கோயில் பேச்சை எடுக்கவே இல்லை. யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னார். அந்த வாரத்திலிருந்தே வளவிலும் வீடு வீடாகப் போய் அதையே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காசிராஜன் வளையத்தோடு வந்தார். பின்னால் ஆவுடையப்பனின் உறவுக்காரர்கள் தகரப் பெட்டிகளோடு வளவு வாசலில் நின்றார்கள். சாவி கிடையாது என்றார் டீச்சர்.

"டீச்சரம்மா, சாமி காரியம்" என்றார் காசிராஜன்.

"சாமிக்கு ரத வீதிக்கு நடுவுல பெரிய வீடு இருக்கே. உங்க மொதலாளிக்கு என் வீடு வேணும்னா மனுப் போடச் சொல்லுங்க."

காசிராஜன் அவரோடு மல்லுக்கட்டவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். இரண்டாவது சாவி வளையத்தில் விழுந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. சுந்தரம்மாள் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். இத்தனை வாரம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியது. கொடுத்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறாவது வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சாவி கேட்க வேண்டியதில்லை.

ஏழாவது வீட்டில் தங்கத்தாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டாமல் நின்றாள். சீட்டு எழுதித் தாங்க என்றாள். காசிராஜன் சிரித்தார்.

"உனக்கு வாசிக்கவே தெரியாதே, சீட்டை வச்சு என்ன செய்யப்போற?"

"டீச்சருக்குத் தெரியும்லா."

தாள் இல்லை என்றார் காசிராஜன். சுந்தரம்மாள் உள்ளே போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து கொடுத்தார். நீங்களே எழுதுங்கள், உங்கள் கையெழுத்துதான் வேண்டும் என்றார். காசிராஜன் முணுமுணுத்துக்கொண்டே சுவரில் தாளை வைத்து எழுதினார். டீச்சர் வாங்கி வாசித்துப் பார்த்து, தேதி போடச் சொன்னார். போட்டார். தங்கத்தாய் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்தாள். பிறகு சாவியைக் கொடுத்தாள்.

"சீட்டு வாங்கத் துணிஞ்சவ, குடுக்காமலே இருந்திருக்கலாம்லா?" என்று டீச்சர் கேட்டார். எரிச்சலை அடக்க முடியவில்லை.

"இருந்திருக்கலாம் டீச்சர். தபசு முடிஞ்சு தறிக்கு நூல் சுத்தப் போகணும்லா, மொதலாளி வேலை தரணும்லா." துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

காசிராஜன் எட்டாவது வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு ஒருக்களித்துத் திறந்தது, ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் சாவி இருந்தது.